வெட்டினால் வரும் என்று சொன்னேன்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதி வேறு. காலையில் வைத்த சாவியை மத்தியானம் தேடுகிறேன். எழுத்துப் பிழையும், முன்னே பின்னே மாறிச் சொல்வதும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் பழியை அந்தப் பெண்பிள்ளை மேல்தான் போடுவார்கள்.

போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில், மலையடியில் எங்கள் ஊர். விடியும் முன்னே ஜீப்புகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும். நானும் இருபது வருஷத்துக்கு மேல் அப்படி ஏறி இறங்கினவள்தான். முழங்கால் போன பிறகு ஊர் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. சமைப்பது, கூட்டுவது, மூக்குத் துடைப்பது, வெள்ளிக்கிழமையானால் பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுவது. பாடம் சொல்வது டீச்சர்.

இது நடந்த வருஷம் மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்து எங்கள் தெருவில் குடியேறியது. அப்பன் தோட்டங்களில் மருந்து அடிக்கிறவன். அம்மா காய் எடுக்கப் போகிறவள். மூத்தது பெண், ஐந்து வயது நடக்கிறது. இளையது பையன், ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியும் சரியாக நிற்க மாட்டான். தம்பியை அந்தப் பிள்ளை "வாவா" என்றுதான் கூப்பிடும், மலையில் மலையாளத்துப் பெண்கள் கைக்குழந்தையைக் கூப்பிடுவது போல. இடுப்பில் தூக்கியே அதற்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

மாதம் ஒரு நாள் பிள்ளைகளை எடை போடுவோம். உத்தரத்தில் தராசு தொங்கும். துணித் தொட்டிலில் பிள்ளையை உட்கார வைத்து, முள் நிற்கிற இடத்தை அட்டையில் குறிப்போம். அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. அந்தப் பையன் சிவப்பில் கிடந்தான்.

ஒரு எடை நாளில் அப்பனும் வந்து நின்றான். காலையிலேயே குடித்திருந்தான். "போன மாசத்துலருந்து ஏறவே இல்லைங்க" என்று டீச்சர் சொன்னதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற பெண்டாட்டியின் முடியைப் பிடித்து இழுத்து, முழங்காலால் வயிற்றில் இடித்தான்.

"நாந்தேன் கொண்டாந்து கொட்டுறேன்ல. எம்புள்ளைக்குப் போடாம எவனுக்குடி போடுற?"

அவள் தரையில் விழுந்தாள். விழுந்தவளை மிதித்தான். டீச்சர் கத்தினாள். நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன், நின்றேன், அவ்வளவுதான். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பெண்பிள்ளை மட்டும் தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்த தம்பியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தியது.

போகும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அடுத்த மாசம் வர்றேன். இவன் வளரலைன்னா உன்னைக் கொன்னு மலையிலயே பொதைச்சுட்டு வந்துருவேன்."

பெண்டாட்டியைத்தான் சொன்னான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது மகள்.

அந்த வாரம் டீச்சருக்குத் தேனியில் பயிற்சி. போகும்போது என்னிடம், "இந்த வாரம் வளர்ச்சிப் பாடம்கா. பயறு ஊறப்போட்டு முளைக்கிறதைக் காட்டுங்க, போதும்" என்றாள். நானும் சிரட்டையில் மண் போட்டுப் பயறு ஊன்றினேன். ஒரே ராத்திரியில் எலி தின்றுவிட்டது. சிரட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதன.

எனக்குத் தெரிந்த பயிர் ஏலம் ஒன்றுதான். ஜீப்பில் போகிறவளிடம் சொல்லி ஒரு தூர் பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். கீழே வெயிலுக்குப் பிழைக்காது என்றார்கள். பின்பக்கம் மாமரத்து நிழலில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டேன். நின்றுகொண்டது.

ஏலத்தில் கவாத்து என்று ஒரு வேலை உண்டு. காய்த்து ஓய்ந்த பழைய தட்டைகளை அடியோடு வெட்டித் தள்ளிவிட்டு, தூருக்கு மண் அணைப்பார்கள். பிறகு பக்கத்தில் இளந்தண்டாகப் புதுச் சிம்பு கிளம்பும். என் பழைய கவாத்துக் கத்தியைக் கொண்டுவந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அவர்கள் முன்னால் வெட்டினேன். பெரியவர்களிடம் வராத பேச்சு எனக்குப் பிள்ளைகளிடம் வரும். அன்றைக்கு வாய் நிறைய வந்தது.

"பழசை வெட்டுனா என்ன வரும்?"

"புதுசு வரும்."

"எத்தனை வரும்?"

"ரெண்டு வரும்."

"வெள்ளிக்கிழமை ஆயா உங்களுக்கு நகம் வெட்டுறேன்ல, மறுபடி வளருதுல்ல? முடி வெட்டுனா வளருதுல்ல? வெட்டுனாத்தேன் வெரசா வளரும்."

அதைச் சொன்ன வாய் இந்த வாய்.

இதில் நான் ஒன்றை மறைத்தேன். சிம்பு வெட்டினதால் வருவதில்லை. முளை முன்பே மண்ணுக்குள் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். நடும்போதே அதைப் பார்த்துவிட்டுத்தான் நட்டேன். மண்ணைத் தள்ளி அதைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒரு நாள் அது தானாக எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் வாய் பிளக்கும் என்று ஆசை.

ஆசைப்பட்டபடியே நடந்தது. யானை இறங்கி மக்காச்சோளத்தை மிதித்துப்போட்ட வாரம் அது. ஊரெல்லாம் அந்தப் பேச்சாக இருக்க, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏலத்தூர்தான் பேச்சு. விரல் தடிமனில் இரண்டு சிம்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு வெட்டுதான் விளையாட்டு. சாக்பீசை ஒடித்து மண்ணில் புதைத்தார்கள். மண்புழுவை ஓட்டுச்சில்லால் நறுக்கினார்கள். இரண்டு துண்டும் துடித்தன. "ரெண்டு வந்துருச்சு" என்று குதித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் காலைப் பிய்த்துவிட்டு இடுப்புவரை நட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். பயிற்சி முடிந்து வந்திருந்த டீச்சரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த எடை நாளுக்கு முந்தின நாள், பெண்பிள்ளை அடுப்படிக்கு வந்தது.

"ஆயா, நாளைக்கு எடையா?"

"ஆமா ஆத்தா."

"வாவா சேப்புலதேன் இருப்பானா?"

எனக்குச் சாம்பார் பொங்கிக்கொண்டிருந்தது. "தெரியலையே, போய் விளையாடு" என்றேன். டீச்சர் முன்பக்கம் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

கத்தியைப் பின்பக்கத்து ஓட்டிடுக்கில் செருகி வைத்திருந்தேன். எட்டாது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறியிருக்கிறது.

பையன் அலறின சத்தம் கேட்டு ஓடினேன். ஏலத்தூருக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்திருந்தது. இடது கால் கணுக்கால் வரை ஈரமண்ணுக்குள் இருந்தது. மண் சிவப்பாகிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளை இரண்டு கையாலும் இன்னும் மண்ணை அள்ளி அள்ளி அவன் காலுக்கு அணைத்துக்கொண்டிருந்தது. முகத்தில் பயமே இல்லை.

"கொஞ்சந்தேன் ஆயா வெட்டுனேன். மண்ணு அணைச்சுட்டேன். தண்ணி ஊத்து."

மண்ணைத் தள்ளிக் காலைத் தூக்கினேன். சுண்டுவிரல் இல்லை. முந்தானையைக் கிழித்துச் சுற்றினேன். சுற்றச் சுற்ற நனைந்தது. உரமூட்டை இறக்கிவிட்டுத் திரும்பின ஜீப்பை டீச்சர் ரோட்டில் மறித்தாள். "ஆத்தா, காலைத் தூக்கிப் பிடி, விடாத" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் போடிக்கு விரட்டினார். டீச்சர் மற்றப் பிள்ளைகளோடு நின்றுவிட்டாள். பெண்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் அழுதது தம்பிக்காக இல்லை. "மண்ணைத் தட்டிவிட்டுட்டியே, இனி எப்பிடி வரும்" என்று என் தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குள் புகுந்த மண்ணைக் கழுவினார்கள். பையன் கத்தின கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. நான்கு பேர் பிடித்தும் அடங்கவில்லை. நிற்க வலு இல்லாத பிள்ளைக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன்.

அப்பன்தான் முதலில் வந்து சேர்ந்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகளைச் சடையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அறைந்தான். நெற்றி பிளந்தது. அது அழவில்லை. "வளரத்தேன்பா வெட்டுனேன்" என்றது. மறுபடி அறைந்தான்.

சுற்றி நின்றவர்களில் ஒருத்தி, "புள்ளையா இது, பேயி பிடிச்சிருக்கு" என்றாள்.

"இன்னைக்கே கோடாங்கிகிட்டக் கொண்டுபோறேன். நெத்தியில ரெண்டு, கையில ரெண்டு, பழுக்கக் காச்சிச் சூடு வச்சாத்தேன் எறங்கும்" என்றான் அவன். சும்மா மிரட்டுகிறவன் இல்லை. கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டே போனான்.

வழியில் போய் நின்றேன். "என்ன கெழவி, வழிய விடு" என்றான்.

"நாந்தேன் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"என்னது?"

"வெட்டுனா வளரும்னு நாந்தேன் சொன்னேன். வெட்டிக் காட்டுனதும் நாந்தேன். கத்தி என் கத்தி. புள்ளைக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னதைச் செஞ்சிருக்கு."

என் ஆயுசிலேயே ஒரு ஆம்பிளை முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான். முடிக்கும் முன்னே குத்து விழுந்தது. முன்பல் ஒன்று உடைந்து உள்ளே போனது. விழுந்தேன். விலாவில் மிதித்தான். ஒரு மிதிக்கு மேல் எண்ணவில்லை. ஆனால் மகளின் கையை விட்டுவிட்டான். அதை மட்டும் தரையில் கிடந்தே பார்த்தேன். ஆட்கள் அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தபோது நான் வாயில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ எல்லாம் சொல்லிவிட்டார்கள். என் முன்னால் வந்து நின்றாள். புருஷன் மிதிக்கும்போது ஒரு வார்த்தை பேசாதவள், கையை ஓங்கி என் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, உடைந்த நெற்றியைத் தன் வாயால் ஊதினாள். அந்த அடி எனக்குச் சேர வேண்டியதுதான். சூடு அந்தப் பிள்ளைக்கு விழவில்லை.

என்னை வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்கள். அதுவும் சரிதான். சாவியைக் கொடுக்கப் போன அன்றே அந்தக் கத்தியைக் கிணற்றில் போட்டேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பையனை ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்துப் பாலும் முட்டையும் கொடுத்தார்கள். வெளியே வந்து எடை போட்டபோது முள் மஞ்சளுக்கு ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பிறகு ஒரு நாள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, அந்தப் பெண்பிள்ளை மற்றப் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டேன்.

"வாவா வளந்துருச்சுல்ல. நாந்தேன் வெட்டுனேன். அம்மா வயித்துல இன்னொரு வாவா இருக்கு. அது வளரலைன்னா அதுக்கும் வெட்டணும்."

குடம் நழுவிக் காலில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பால்வாடி பூட்டிக் கிடக்கும்போது, அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அம்மா எட்டி மாமரத்தடியில் நின்றுகொண்டாள். கடப்பாரையால் ஏலத்தூரை நெம்பிப் பெயர்த்தேன். வேர் அறுகிற சத்தம் எலும்பு முறிகிற மாதிரி இருந்தது. தூரைக் கையாலேயே இரண்டாகக் கிழித்தேன். கத்தி படாத பக்கத்தைத் திருப்பி, மண்ணை உதறிக் காட்டினேன். வெள்ளையாக மூன்று முளை.

"இங்க பாரு ஆத்தா. இந்தப் பக்கம் நம்ம வெட்டவே இல்ல. இருந்தும் முளை இருக்கு பாரு."

தொட்டுப் பார்த்தது. "வெட்டாமலே வந்துருக்கு."

"ஆமா. அது உள்ளயே இருந்தது. ஆயா உங்கிட்டக் காட்டல. வாவா வளந்தது பாலு குடிச்சு."

"அப்ப வாவா வெரலு?"

"மனுசங்க கால்ல முளை இல்ல ஆத்தா. வராது."

"எப்பயுமா?"

"எப்பயும்."

"நீ வரும்னு சொன்னீல்ல" என்றது. கிழித்துப் போட்ட ஒரு துண்டை எடுத்து என் முகத்தில் அடித்தது. வேரும் மண்ணுமாக, மறுபடி மறுபடி. கண்ணில் மண் விழுந்தது. உதட்டில் ஆறியிருந்த இடம் மறுபடி திறந்துகொண்டது. நான் கையைப் பிடிக்கவில்லை. அம்மாவும் வரவில்லை. கை ஓய்ந்த பிறகு துண்டைக் கீழே போட்டு, அந்த வெள்ளை முளைகளை ஒவ்வொன்றாகக் குதிங்காலால் நசுக்கியது. மூன்றையும். அதற்கு அப்புறம்தான் தம்பிக்காக அழுதது.

அந்தக் குடும்பம் மறுபடி மலை ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது பெரிய வகுப்பில் படிக்கும்.

டீச்சர் இதைப் படித்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். இடது கால் என்று எழுதியிருக்கிறேன், வலதுகாலாகவும் இருக்கலாம். துணி சுற்றினது நினைவிருக்கிறது, எந்தப் பக்கம் என்பது மாறி மாறி வருகிறது. மஞ்சளுக்கு ஏறியது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமா, அதற்கு அடுத்த மாதமா என்பதும் நிச்சயமில்லை. பதிவேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தப் பெண்பிள்ளையிடம் மட்டும் கேட்க வேண்டாம்.