செம்பூர் சகலையை ஜெயிக்க ஒரு தாராவித் தட்டு

பழைய ராக் இசைத்தட்டு வாங்க மும்பை போகிறோம், எங்கே தேடலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எண்பதுகளின் நடுவில், ஊருக்கு இன்னும் பம்பாய் என்றே பெயர் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படித் தேடிப் போனதைச் சொல்கிறேன். போனதற்குக் காரணம் இசை ஆர்வம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுத்தமான வயிற்றெரிச்சல்தான் காரணம்.

என் மனைவி லலிதாவின் அக்கா ராஜியைக் கட்டியவர் வைத்தி. எனக்குச் சகலை. செம்பூரில் வீடு, அணுசக்தி நகரில் வேலை, தெருமுனைக்கே ஆபீஸ் பஸ் வரும். நானோ கல்யாணிலிருந்து தினமும் லோக்கலில் நசுங்கிப் போகிற குமாஸ்தா. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பயிற்சிக்கு இங்கிலாந்து போனவர் அங்கேயே அச்சான ஒரு ராக் ஆல்பத்தை வாங்கி வந்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. (ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லோருமாகப் போய் விலையை ஏற்றிவிடுவீர்கள்.) என்னிடமும் அதே ஆல்பம் இருந்தது, நம் நாட்டில் அச்சானது. என் வீட்டில் டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அவர் வீட்டில் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இடிக்கும்.

அட்டையை ஷோகேஸில் சாமி படம் மாதிரி நிறுத்தி வைத்திருப்பார். தட்டை மட்டும் தனியே ஒரு பழைய வேஷ்டியில் சுற்றி அலமாரிக்குள் வைப்பார். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே ஆறுதல் ஒரு கீறல். இரண்டாம் பக்கத்தில், எல்லா வாத்தியமும் அடங்குகிற ஓர் இடத்தில் ‘டிக், டிக், டிக்’ என்று மூன்று முறை கேட்கும். அப்போது வைத்தியின் முகம் சுருங்கும். மொத்த ஆல்பத்திலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நடுவில் ஒரு மாதம் அவருடைய பிளேயரில் ஊசி தேய்ந்துபோய்ப் பாட்டு இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஃபோன் வந்தது. “புது ஊசி வந்துடுத்து. ஞாயித்துக்கெழமை சாப்பிட வாங்கோ, எல்லாருமா கேக்கலாம்.” அன்றைக்கு அவர் தட்டு சுழல்வதற்கு முன்னால், கீறலே இல்லாத அதே வெளிநாட்டுத் தட்டு ஒன்றை அவர் முன்னால் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். லலிதாவிடம் நீ நேராகப் போய்விடு என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன்.

கல்யாணிலிருந்து மாட்டுங்காவுக்கு ஸ்லோ லோக்கலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்றால் உட்கார இடம் கிடைக்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இட்லியும் காபியும் முடித்துவிட்டு, புத்தகத்தோடு இசைத்தட்டும் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு லைப்ரரிக்குப் போனேன். இருந்ததெல்லாம் உள்நாட்டுச் சரக்கு. வெளிநாட்டில் அச்சானது இருக்கிறதா என்று கேட்டேன். “ஃபாரின் பிரஸ்ஸிங்கா? இங்கே நின்னுண்டிருந்தா கிடைக்காது. தாராவியில காதர் பாயைப் பாருங்கோ” என்றார் லைப்ரரிக்காரர்.

மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே இறங்கி மேற்குப் பக்கம் நடந்தால் கால் மணி நேரத்தில் தொண்ணூறு அடி ரோடு. அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய துணி மூட்டைகளுக்கு நடுவே காதர் பாயின் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ஆல்பத்தின் பெயரைச் சொன்னதும், அட்டையில்லாத ஒரு தட்டைப் பழுப்புக் காகிதத்திலிருந்து உருவினார்.

“போன வாரந்தான் வந்துச்சு அண்ணாச்சி. ஏக்தம் சாஃபா இருக்கு, ஒரு கீறல் கெடையாது, பாத்துக்கிடுங்க.”

லேபிளில் இங்கிலாந்து என்று அச்சாகியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், கீறல் எதுவும் தெரியவில்லை. “கப்பல் சரக்கா பாய்?”

“அதெல்லாம் தெரியாதுல்லா. துணி மூட்டைக்குள்ள கெடந்துச்சு.”

அவர் எண்பது கேட்டார், நான் அறுபது கொடுத்தேன். சயானிலிருந்து குர்லா, அங்கே ஹார்பர் லைன் மாறி செம்பூர். வழி நெடுக உட்காரவே இல்லை. கூட்டத்தில் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வைத்தியின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

சாப்பாட்டு மேசையில் ராஜி புத்தம் புது எவர்சில்வர் பாத்திரத்தில் சாம்பார் கொண்டுவந்து வைத்தாள். நான் இசைத்தட்டை நீட்டினேன். “வைத்தி சார், முதல்ல இதைப் போடுங்கோ.”

லேபிளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓர் இருட்டு ஓடியது. அதுவே அறுபது ரூபாய் பெறும். டிரம்ஸ் இடித்தது. நான் காலை நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டேன். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் ஓடியது. வாத்தியங்கள் அடங்கின.

டிக், டிக், டிக்.

வைத்தி ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தார். மறுபடி மூன்று. எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“ராஜி, இங்கே இருந்த வேஷ்டி எங்கே?”

“அந்தக் கந்தலா? போன மாசம் பாத்திரக்காரி வந்தாளே, பழைய துணியோட துணியா அவகிட்ட போட்டுட்டேன்.” சொல்லும்போதே அவள் பார்வை சாம்பார் பாத்திரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

வைத்தி கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை எடுத்து ஊதித் துடைத்து என்னிடம் நீட்டினார். “நீங்க காசு குடுத்து வாங்கினது. நீங்களே வெச்சுக்கோங்கோ.”

லலிதா மேசைக்கு அடியில் என்னைக் கிள்ளினாள். நான் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஏங்கிய சாமான் கைக்கு வரும்போது விட மனசு வருமா?

அன்று சாயங்காலமே வீட்டில் போட்டேன். அதே தகர டப்பா! வெளிநாட்டுத் தகரம், அவ்வளவுதான். ஊசி, பிளேயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் செம்பூரிலேயே அல்லவா இருந்தன. அடுத்த ஞாயிறே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். உறவில் எல்லோரும் பெருந்தன்மை என்றார்கள். பெருந்தன்மையாவது, மண்ணாவது. ராஜி வெட்கப்பட்டுக்கொண்டு அந்த எவர்சில்வர் பாத்திரத்தை லலிதாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் போகாதீர்கள், பாதித் தட்டு பூஞ்சையாக இருக்கும். அட்டையை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் தட்டின் லேபிளைப் படியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் சில கீறல்கள் தெரியாது, கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலில் வீட்டில் நல்ல பிளேயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதர் பாயின் கடை இப்போது இல்லை, அந்தச் சந்து இருக்கிறது.

போன மாதம் வைத்தி ஃபோன் செய்தார். புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறாராம். “கேளுங்கோ” என்று ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஃபோனில் வந்ததுகூட என் வீட்டில் அன்று கேட்டதைவிட நன்றாக இருந்தது. எனக்குப் பின்னால் எங்கள் வீட்டு அடுப்பில், ராஜி கொடுத்த அந்தப் பாத்திரத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று டிக் வரும்வரை நான் ஃபோனை வைக்கவில்லை.