வாயூறவைத்த லேபிள்

வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பேர். அப்பா வைத்தது. தவழ்கிற வயது தாண்டியதும் கையில் அகப்பட்ட பென்சிலைச் சுவரில் அழுத்தியபடியே வீட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தாளாம். அறை அறையாக, கதவு கதவாக, ஒரே கோடு. "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு பாரு" என்றாராம் அப்பா. முப்பதைத் தாண்டியும் பேர் மாறவில்லை. குணமும் மாறவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் எதையாவது தட்டும். சாப்பிடும்போதுகூடத் தட்டை ஒரு சுற்று திருப்பிவைத்துவிட்டுத்தான் முதல் வாய் எடுப்பாள்.

ஒரு விளம்பரக் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். கூட்டம் போட்டு மணிக்கணக்காகப் பேசுகிற இடம். அவளுக்குப் பேச்சு வராது, உட்காரவும் வராது. இரண்டும் வராதவளுக்கு அங்கே என்ன வேலை? விட்டுவிட்டு வந்து வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டாள். மெழுகுவத்திப் பெட்டிக்குப் படம், தேன் பாட்டிலுக்கு லேபிள், குழந்தைப் புத்தகத்துக்கு முயலும் ஆமையும் இல்லாத ஏதாவது ஒன்று. ஒரு பல் டாக்டருக்கு லோகோ போட்டாள். கடைவாய்ப் பல் ஒன்று, கீழே இரண்டு வேர், பக்கத்தில் வளைவாக ஒரு பிரஷ். கிளினிக் வாசலில் மாட்டியபிறகு அண்ணி பார்த்துவிட்டு, "யானைக்கு வைத்தியம் பாக்கற டாக்டரா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எறும்பு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. சுற்றிக்கொண்டு போவாள்.

வெளியே நடமாடுவதே அவளுக்குச் சங்கடம். கடைப்பலகைகளை மனசுக்குள் திருத்திக்கொண்டே பஸ்ஸில் போவாள். இந்த எழுத்தைக் கொஞ்சம் தள்ளணும், அந்தச் சிவப்பைக் கொஞ்சம் அடக்கணும் என்று. இறங்கவேண்டிய இடம் பின்னால் போய்விடும்.

வேலையில் அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எந்த லேபிளையும் முடிந்தது என்று உடனே அனுப்பமாட்டாள். அதை அச்செடுத்து, வெட்டி, காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒட்டி, அது எங்கே வாழப்போகிறதோ அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவாள். எண்ணெய் என்றால் அடுப்புப் பக்கம், ஷாம்பு என்றால் குளியலறையில். யார் கை அதை எப்படி எடுக்கிறது, கண் முதலில் எங்கே போகிறது என்று சில நாள் ஓரமாக நின்று பார்ப்பாள். இதற்குப் 'பழகவிடுவது' என்று பேர். ஒருமுறை அண்ணி தலையில் ஷாம்பு என்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கத்தியிருக்கிறாள். "குடியிருக்கறதுக்கு வீடா இது, உன் கடையா?"

அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் வெளியூர் வேலையில் இருந்ததால் அந்த வீட்டில் மூன்றே பேர். எறும்பு, அண்ணி, அப்பா. அப்பா வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். தூரத்தில் இருக்கிற போர்டு எல்லாம் இன்றைக்கும் படிப்பார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி வாங்கிக்கொடுத்தாகிவிட்டது. அது அலமாரியில் அதன் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. "டிரைவருக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்பார்.

எறும்பிடம் வந்த வேலைகளில் உருப்படியானது ஒரு சின்னக் கம்பெனியுடையது. தண்ணீர் கலந்து குடிக்கிற பழச்சாறு தயாரிப்பவர்கள். ஆரஞ்சு, திராட்சை, மாம்பழம் மூன்றுக்கும் அவள்தான் படம் வரைந்து கொடுத்திருந்தாள். கம்பெனியை நடத்துகிறவள் குண்டான, சுறுசுறுப்பான ஒரு அம்மா. அவளை எல்லோரும் முதலாளியம்மா என்றார்கள். அந்தம்மா புதிதாகப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒன்றை இறக்கப்போவதாகச் சொன்னாள். "இது நல்லா வந்துச்சுன்னா இனிமே நம்ம கம்பெனி லேபிள் எல்லாமே உன்னுதுதான்" என்றாள். எறும்புக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

முதலாளியம்மா கேட்டது ஒரு தட்டு. பளபளவென்று கழுவிவைத்த வெள்ளைத் தட்டு.

"தட்டு எல்லாரும் போடறாங்க மேடம்" என்றாள் எறும்பு. வழக்கமாக எதிராளி முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "உங்க பழச்சாறு பாட்டில் மூணும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. இதுவும் அதே குடும்பத்துல பொறந்தது மாதிரி இருக்கணும். எலுமிச்சை வாசனைதானே? எலுமிச்சை வரையறேன்."

அந்தம்மா யோசித்தாள். "என்னமோ போ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த எலுமிச்சையை எறும்பு எப்படி வரைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழுப்பழம் ஒன்று, பாதியாய் வெட்டியது ஒன்று. வெட்டிய முகத்தில் ஒவ்வொரு சுளையும் தனித்தனியாக வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் ஒரு துளி. விழலாமா வேண்டாமா என்று தயங்குகிற துளி. முடித்துவிட்டு எழுந்து அறைக்குள் நடந்தாள். திரும்பி வந்து பார்த்தாள். மறுபடி நடந்தாள். இத்தனை வருஷத்தில் தன் கையால் இப்படி ஒன்று வந்ததில்லை என்று தோன்றியது. முதலாளியம்மாவுக்கும் அவசரம், அவளுக்கும் பொறுக்கவில்லை. பழகவிடாமலே அனுப்பிவிட்டாள். அச்சகத்திலிருந்து மாதிரித்தாள் வந்தபோது, சரி, அடிக்கலாம் என்று கையெழுத்தும் போட்டுக்கொடுத்தாள்.

கம்பெனியிலிருந்து லிக்விட் நிரப்பிய மாதிரி பாட்டில் ஒன்று வீட்டுக்கு வந்தது. லேபிளை ஒட்டினாள். உள்ளே இருந்த மஞ்சளும் வெளியே இருந்த மஞ்சளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சோதனைக்காக இல்லை, சும்மா போகவர கண்ணில் படட்டும் என்று சமையலறை மேடையில், மாம்பழச்சாறு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெயில் பட்டு இரண்டும் மினுங்கின.

மறுநாள் மதியம் மேஜையில் வேறு வேலையாகக் குனிந்திருந்தாள். அப்பா இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார். மற்றதை அவரே ஒரு வாய் குடித்திருந்தார்.

"குடி எறும்பு, வெயிலுக்கு நல்லது. புதுசா எலுமிச்சை அனுப்பியிருக்காங்க போல. ஆனா இந்தத் தடவை சர்க்கரை போட மறந்துட்டாங்க."

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் டம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். மூக்கில் ஏதோ கூசியது. பார்த்தாள். விளிம்பில் நுரை. குட்டிக் குட்டியாய், வானவில் பூசிய குமிழிகள்.

"அப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் உள்ளறையில் படுத்திருந்த அண்ணி ஓடிவந்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். நல்லவேளை, அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"மாமா, துப்புங்க. வாய் கொப்புளிங்க. முழுங்காதீங்க." எறும்பு அப்பாவின் முதுகைத் தட்டப்போனாள். "ஏய், வாந்தி எடுக்கவைக்காத! நுரை மூச்சுக்குழாய்க்குப் போயிடும். தள்ளு நீ."

அண்ணி தன் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டாள். ஆட்டோவில் மூன்று பேரும் போனார்கள். போகிற வழியெல்லாம் அப்பா வெட்கத்தோடு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், சாயங்காலம்வரை உட்காரவைத்து அனுப்பினார். உள்ளே போனது கொஞ்சம்தான், பயமில்லை என்றார்.

"மாமா வயிறு இப்ப நம்ம வீட்டுப் பாத்திரத்தைவிட சுத்தமா இருக்கும்" என்றாள் அண்ணி, திரும்பும் வழியில். அப்பா சிரித்தார். எறும்பு சிரிக்கவில்லை. அவள் விரல்கள் ஆட்டோக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தன.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "ஏம்ப்பா அதை எடுத்தீங்க? மாம்பழம் பக்கத்துலதானே இருந்துச்சு?"

"கண்ணாடி போடல. தப்பு என்னுதுதாம்மா. அதை விடு."

"அது இல்லப்பா. ஏன் அதை எடுத்தீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எழுத்து எங்கம்மா தெரியுது எனக்கு? படம் தெரிஞ்சுது. பாத்தேன், வாய் ஊறிடுச்சு. அவ்ளோ நல்லா வரைஞ்சிருக்க."

யாரும் இதுவரை அவளை இப்படிப் பாராட்டியதில்லை. அவள் போய் சமையலறையில் நின்றாள். மேடையில் இரண்டு பாட்டிலும் அக்கா தங்கச்சி மாதிரியே நின்றன. அவளே சொன்ன வார்த்தை. அக்காவைக் குடிக்கிறவன் தங்கச்சியையும் குடிக்கத்தானே செய்வான்? எழுத்துத் தெரியாத குழந்தை, கண் தெரியாத கிழவர், அவசரத்தில் கை நீட்டுகிற யாரோ. எத்தனை வீடு, எத்தனை மேடை.

"காலைல அச்சகத்துல லேபிள் அடிக்கப்போறாங்க, அண்ணி. நிறுத்தச் சொல்லணும்."

"நிறுத்தினா?"

"அந்தம்மா இனிமே என்கிட்ட வேலை தரமாட்டாங்க."

அண்ணி அவளையே பார்த்தாள். "போன்ல சொல்லேன்."

போனில் சொல்லத்தான் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க அறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். "படு எறும்பு" என்று அப்பா இருட்டிலிருந்து குரல்கொடுத்தார். படுத்தாள். கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

காலையில் இரண்டு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனபோது முதலாளியம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள், முதல் சுருள் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தாள். மெஷின்காரர், அச்சகமும் அவருடையதுதான், மையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மை வாசனை, எண்ணெய் வாசனை, உறுமல். எறும்பு நினைத்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் அந்த உறுமலில் கரைந்துபோயிற்று. தட்டுத்தடுமாறி, அப்பா குடித்ததைச் சொன்னாள்.

"ஐயையோ, இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு மேடம்."

"அப்பாடா." அந்தம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். உடனே குரல் மாறியது. "ஏம்மா, அவரு கண்ணாடி போடாம குடிச்சதுக்கு என் லேபிள் என்ன பண்ணும்? பாத்திரம் கழுவன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

எறும்பு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தாள். மெஷின்காரரைப் பார்த்தாள். "அண்ணே, தாகமா இருக்குன்னு வைங்க. சட்டுனு எதை எடுப்பீங்க?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு நொடிகூட யோசிக்காமல் மாம்பழத்தை எடுத்தார்.

"பாத்தியா?" என்றாள் முதலாளியம்மா.

"ரெண்டையும் நான்தானேங்க அடிச்சேன்" என்றார் அவர், பாவமாக. "எனக்குத் தெரியாதா?"

எறும்புக்கு முகம் சுட்டது. காட்டுவதற்குக் கையில் வேறு எதுவும் இல்லை. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை.

"தட்டு வேணும்னு நீங்கதான் சொன்னீங்க மேடம். நான்தான் கேக்கல. என் படம் நல்லா வரணும்னு பாத்தேன். பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கல. இது வேண்டாம். நான் போட்ட கையெழுத்தைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"கையெழுத்து என்ன, கொடுத்த சட்டையா திருப்பி வாங்கறதுக்கு?" முதலாளியம்மா மெஷின்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஓட்டுங்க."

அவர் ஓட்டவில்லை. தலையைச் சொறிந்தார். "வரைஞ்சவங்களே வேண்டாங்கறாங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் அச்சகம் பேரும்தான் சேர்ந்து வரும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்கம்மா." விசையை அழுத்தினார். உறுமல் இறங்கி, இருமி, அடங்கியது.

அந்த அமைதியில் முதலாளியம்மா எலுமிச்சைப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளின் துளி, விழாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தம்மா எச்சில் விழுங்கியதை எறும்பு பார்த்தாள். அந்தம்மாவும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். பாட்டிலைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"நாளைக்குள்ள தட்டு வரணும்."

"சரி மேடம்."

"நான் மொதல்ல சொன்ன தட்டு. வேற சாமர்த்தியம் எதுவும் வேண்டாம்." பையை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பாமலே சொன்னாள். "மத்த லேபிளுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். எனக்கு ஒரு தடவை சொன்னா சொன்னதா இருக்கணும்மா. உங்கப்பாவைப் பாத்துக்கோ."

தட்டை எறும்பு அன்றைக்கே வரைந்தாள். வெள்ளைத் தட்டு, நீலப் பின்னணி, பக்கத்தில் தேய்க்கிற நார். யாருக்கும் வாய் ஊறாது. இந்த முறை பழகவிட்டாள். தண்ணீர் நிரப்பி மேடையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அப்பா வந்தார், கண்ணாடி இல்லாமல்தான். கை மாம்பழத்துக்குப் போயிற்று. குடிக்கும் முன் டம்ளரை மோந்து பார்த்தார். அது அவருக்குப் புதுப் பழக்கம்.

"எலுமிச்சை எங்கம்மா?" என்றார்.

"அதைத் தூக்கிட்டேன்ப்பா."

"அடப்பாவமே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

சில மாதம் கழித்து ஒரு கடையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். சோப்புகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே கீழ்த்தட்டில் நின்றது. எதிர்வரிசையில் அதே கம்பெனியின் பழச்சாறு. மாம்பழத்துக்கு வேறு யாரோ புதிதாகப் படம் போட்டிருந்தார்கள், பரவாயில்லாமல். எறும்பு நகரவில்லை. காதில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். யாரையோ திட்டிக்கொண்டே, லேபிளைப் பார்க்காமலே, பாத்திர லிக்விட்டை எடுத்துக் கூடையில் நாரோடும் சோப்போடும் போட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண் எடுத்ததில் பக்கத்துப் பாட்டில் கோணலாகத் திரும்பிவிட்டது. எறும்பு குனிந்து அதை நேராக்கினாள்.

"வாங்கறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. வீட்ல இருக்கு."

வாசல்வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். தட்டுக்குக் கீழே நிழல் கொஞ்சம் கனமாகிவிட்டதோ? ஒரு பிடி குறைத்திருக்கலாம். பையின் வாரை விரல்கள் தட்ட ஆரம்பித்தன.