ஹால்வார் வழி வந்த மெட்டு

குன்வோர் எங்கள் ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள். வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதைத்தான் ஊர் ரொம்பவும் நம்பியது.

எங்கள் சில்யான் ஏரிக்கரையில் பிடில் வாசிப்பவர்கள் எந்த மெட்டையும் அது யார் வழி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அந்த யாரோ ஒருவர் செத்து எவ்வளவு காலமாகிறதோ அவ்வளவு மரியாதை. உயிரோடிருப்பவர், அதுவும் பேருந்து ஓட்டுகிற பெண், தானே மெட்டுக் கட்டினேன் என்றால், 'இவளுக்கு என்ன நினைப்பு?' என்பார்கள். அதனால் இளவயதில் ஒரு மெட்டுக் கட்டியபோது குன்வோர், பிடில் குழுவில் தன் பக்கத்து நாற்காலியில் வாசித்த தோர்க்கெலிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அதைத் தோர்க்கெலின் செத்துப்போன தாத்தா ஹால்வாரின் தலையில் கட்டினார்கள். ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் யார் இப்படிக் கட்டுகிறார்கள் என்றும் அங்கலாய்த்தது.

போன குளிர்காலத்தில் ஜெர்மனியில் யாரோ அந்த மெட்டுக்கு அடியில் டிரம்மைப் போட்டு, மூன்றடித் தாளத்தை நான்காக்கி, நடனப் பாட்டாக வெளியிட்டார்கள். ஐரோப்பாவே குதித்தது. பேருந்தில் வானொலி அதைப் பாடியபோது குன்வோருக்கு முதல் தடவையாகத் தன் பெயரைக் கேட்க ஆசை வந்தது. சாட்சிக்குத்தான் தோர்க்கெல் இருக்கிறானே.

மறுநாள் அதே வானொலியில் சாட்சி பேசினான்: "தாத்தா மடியில உக்காந்து கேட்ட மெட்டுங்க."

அன்று சாயங்காலமே அவன் சமையலறைக்குப் போனாள்.

"அவரு சாகறப்ப உனக்கு ரெண்டு வயசுப்பா."

"ரெண்டு வயசுல காது இருக்காதா?" காப்பியை ஊற்றினான் தோர்க்கெல். "நெசமாவே கேக்குது, குன்வோர். அவரோட புகையில வாசனகூட வருது."

"அந்தப் புகையிலய கதையில சேத்ததே நான்தான்."

"நல்லாத்தான் சேத்திருக்கே." ஏலக்காய் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கோடை விழா மேடையில ஒரு வரி சொல்லிடு. குன்வோர் கட்டினதுன்னு. போதும்."

"சொல்லிட்டாப் போச்சு."

விழாவன்று ஏரிக்கரைப் புல்வெளி முழுக்கப் பிடில். தோர்க்கெல் ஒலிபெருக்கி முன் நின்று, "ஹால்வார் வழி வந்தது" என்றான். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. வில்லைத் தூக்கிக் குன்வோரைப் பார்த்தான். எப்போதும் அந்த மெட்டை எடுப்பவள் அவள்; அவன் பின்னால் சேர்ந்துகொள்வான்.

குன்வோர் வில்லை மடியில் வைத்தாள்.

தோர்க்கெலின் வில் அந்தரத்தில் நின்றது. யாரோ இருமினார்கள். அப்போது ஹெர்ரிங் மீன் கடை வரிசையில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள், ஜெர்மன்காரர் கணக்கில் நான்கு நான்காக. புல்வெளியே அதைப் பிடித்துக்கொண்டு பாடியது. நாலடித் தாளத்தைக் குளிர்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்த பிடில்காரர்கள் அத்தனை பேரும், ஒரு நிம்மதியோடு, பின்னால் சேர்ந்துகொண்டார்கள். தோர்க்கெலும்தான்.

குன்வோர் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். அவளில்லாமலும் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

விழாக் கூட்டத்தை ஊருக்குக் கொண்டுபோக இருந்தது அவள் பேருந்து ஒன்றுதான். பின் இருக்கைகளில் அதையே பாடிக்கொண்டு வந்தார்கள். தோர்க்கெல் முன்னால் வந்து நின்றான்.

"கோவமா?"

தலைக்கு மேல் இருந்த பலகையை அவள் விரலால் காட்டினாள். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது.