பெட்டியில் கிடக்கும் டாங்கி

செயற்கைப் பற்கள் செய்யும் லாப் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாள் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் தான் வீட்டில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த சின்ன ராணுவ லொறி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் லொறி. அதன் சில்லுகளில் காய்ந்த சேறு, கதவோரத்தில் துரு. நாங்கள் பற்களுக்கு நிறம் தீட்டும் அதே மாதிரித் தூரிகையால்தான் அந்தத் துருவையும் தீட்டியிருந்தார். இது எனக்கும் வரும் என்று தோன்றியது. முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டேன்.

"விருப்பமானதை எடு" என்றார்.

இதைவிட உதவாத ஒரு பதிலை நான் கேட்டதில்லை. இணையத்தில் தேடினாலும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அது கூடாது இது கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள். முப்பத்தைந்தில் ஒன்று, எழுபத்திரண்டில் ஒன்று என்று அளவு வேறு. எண் கூடக் கூட மொடல் சிறுக்கும் என்று விளங்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சனிக்கிழமை ரெக்ஸ்டேல் பக்கம் மொடல் விற்கும் ஒரு கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பையனுக்கு என்ன வயது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குத்தான் என்று சொன்ன பிறகும், பசையே தேவைப்படாத, அழுத்தினால் பொருந்தும் ஒரு குட்டி ஜீப்பை எடுத்து நீட்டினார். பெட்டியின் மூலையில் எட்டு வயது என்று போட்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேல்தட்டில் இருந்த மிகப் பெரிய பெட்டியைக் காட்டி, அதைத் தாருங்கள் என்றேன். அது ஒரு டாங்கி. "முதல் தடவைக்கு இது கொஞ்சம் கஷ்டம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததால்தான் வாங்கினேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், வெட்டி எடுக்க வேண்டிய துண்டுகளோடு. டாங்கியின் சங்கிலி ஒரு துண்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. ஒரு பக்கத்துக்கே தொண்ணூற்றாறு. ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து பதினொன்றை வெட்டி எடுத்தேன். ஒன்று தெறித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போனது.

அந்த நேரம் பார்த்து இவர், என் கணவர், வந்தார். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? ஊரில உதுகளுக்குப் பயந்து ஓடினது காணாதே? இஞ்சையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில வைக்கிறீர்?"

"இது பிளாஸ்டிக்கப்பா."

"பிளாஸ்டிக் எண்டாலும் குழல் நீட்டிக்கொண்டுதானே நிக்குது."

சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் படத்தில் நீட்டிக்கொண்டிருந்த குழலைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன். கடையில் கோபத்தில் நின்றபோது இதை நான் யோசிக்கவேயில்லை. எனக்குப் பிடித்தது சேறும் துருவும். டாங்கி எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவர் சொல்லி அது எனக்கு விளங்கியதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் இரண்டு பஸ். திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார் கடைக்காரர். சரி, துவக்கும் குழலும் இல்லாத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ராணுவ வாகனத் தட்டின் முன்னால் நின்று இப்படிக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் மனுசன் இந்த முறை சிரிக்கவில்லை. முழங்காலில் நின்று கீழ்த்தட்டைத் துழாவி, மூக்கு நீண்ட சாமான் லொறி ஒன்றை எடுத்தார். துண்டுகள் குறைவு, சில்லுகள் ரப்பர். "பசை இருக்கிறதா? சாயம்?" என்று அவரே கேட்டார். இரண்டும் பெட்டிக்குள் வராது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த லொறியை முடிக்க மூன்று கிழமை எடுத்தது. முன் கண்ணாடியில் பசையோடு என் பெருவிரல் ரேகை பதிந்து நிரந்தரமாகிவிட்டது. பின் சில்லு ஒன்று நிலத்தைத் தொடாமல் நிற்கிறது. ஆயிரக்கணக்கான பல் செய்த கை இது! இவர் லொறியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு சில்லு தூக்கிக்கொண்டு நிக்குது."

"தெரியும்."

"துரு நல்லா வந்திருக்கு" என்றார்.

டாங்கி அலமாரியின் மேல்தட்டில் பனிச் சப்பாத்துகளுக்குப் பின்னால் கிடக்கிறது. யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்த்தால், வாங்குவாரில்லை. நான் இப்போது இரண்டாவது லொறி ஒட்டுகிறேன். பசை மணக்கிறது, யன்னலைத் திறவும் என்று இவர் நாளுக்கு நாலு தரம் கத்துகிறார். வெளியே பனி கொட்டுகிறது. திறந்தால் குளிருது என்றும் அவரேதான் கத்துகிறார்.