யாருக்கும் சொந்தமில்லாத கண்காணிப்பாளர்

எங்கள் ஊரில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நீங்கள் திட்டுகிற ஆள் பக்கத்தில் நிற்பவருக்குச் சித்தப்பாவாக இருப்பார், இல்லையென்றால் மச்சானாக இருப்பார். ஃபைஸ்ட், வோல்க், வாங்லர் என்ற மூன்று குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு, தெற்கு டகோட்டாவின் இந்த மூலையில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். இந்த வலையில் சிக்காத குடும்பம் ஒன்றே ஒன்று, எங்களுடையது. ரயில் பாதை வேலைக்கு ஓக்லஹோமாவிலிருந்து வந்த பிக்கெட் வம்சம். வந்து அறுபது வருடம் ஆகியும் நாங்கள் இன்னும் 'புதுசா வந்தவங்க'தான்.

ஜூலையில் பூங்காவில் அவர்களுடைய குடும்பச் சந்திப்பு நடக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு நிறத்தில் பனியன். அன்று ஊரில் சாதாரணச் சட்டையோடு திரிவது அப்பா, அம்மா, நான், அப்புறம் பெட்ரோல் பங்க் நாய்.

நான், நோலன் பிக்கெட், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. இதை நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், ஏனென்றால் நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ப்ரூக்கிங்ஸ் பல்கலைக்கழகம் கொடுத்த சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார், மான் தலைக்குக் கீழே. மேலே மாட்டலாமே என்று கேட்டேன். "மானை நான் சுட்டேன். இத நீதான வாங்குன" என்றார். படித்து முடித்து ஊருக்குத் திரும்பி, பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து ஊருக்கு என் பெயர் மறந்துபோயிற்று. "ஏய் காலேஜ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலிதான். எனக்கு உள்ளூர இனிக்கும்.

நான் எழுத உட்கார்ந்தது ரோண்டா ஃபைஸ்டைப் பற்றி. ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கணவர் டுவேன் மாடு வளர்க்கிறார், அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கான பேச்சு மொத்தத்தையும் ரோண்டாவே பேசிவிடுவதால் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. பனிப்புயலில் பாதை தெரியாதபோது ரோண்டா வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார். கடைசி இருக்கையில் எவன் சூயிங்கம் மெல்லுகிறான் என்பது திரும்பாமலேயே தெரியும். மூத்த மகள் ப்ரென்னா கால்நடை மருத்துவமனையில் வேலை. இளையவள் கார்லி பதினோராம் வகுப்பு.

பதினோராம் வகுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் ஏ.சி.டி. தேர்வு. அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கல்லூரிகள் கதவைத் திறக்கும், உதவித்தொகையும் கொடுக்கும். ஆனால் தேர்வு மையம் இருந்தது ஒன்றரை மணி நேரப் பயணத்தில். ரோண்டாவும் ஒரு காலத்தில் அதற்குப் பெயர் கொடுத்தவர். தேர்வன்று கன்றுகளுக்குச் சூடு போடும் வேலை வந்துவிட்டது, வீட்டிலிருந்த ஒரே வண்டி அதற்குப் போயிற்று. அடுத்த முறை எழுதலாம் என்றார்கள். அடுத்த முறைக்கு முன்னால் டுவேன் வந்துவிட்டார். இதை அவர் சோகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த வண்டி மட்டும் இருந்திருந்தா நான் இப்ப டாக்டர், நீங்கல்லாம் பஸ்ஸுக்கு நடந்து வந்திருப்பீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

போன பிப்ரவரியில் கார்லியையும் இன்னும் நான்கு பேரையும் தேர்வுக்கு ஏற்றிக்கொண்டு போன ரோண்டாவின் வேன் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிற்று. யாருக்கும் அடியில்லை, ஆனால் தேர்வு போயிற்று. அன்றே அவர் முடிவு செய்தார்: மையம் இங்கேயே வர வேண்டும். தொலைபேசியில் ஆட்களைத் துரத்தினார், பள்ளி வாரியத்தில் மேஜையைத் தட்டினார். கடைசியில் அனுமதி வந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளியில், ஒரே ஒரு அறை. அதோடு கூட ஒரு விதிப் புத்தகமும் வந்தது.

அதைப் படித்து விளக்க ஒரு பட்டதாரி தேவைப்பட்டார். என்ன செய்வது, ஊரில் கையில் ஓய்வோடு இருந்த பட்டதாரி நான்தான்.

பள்ளி நூலகத்தில் பெற்றோர் கூட்டம். நான் டை கட்டிக்கொண்டு போனேன். சிறுபிள்ளை நாற்காலிகளில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள்.

"காலேஜ், ஒரு சந்தேகம்" என்றார் ஒரு வோல்க். "காலைல மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வரலாமா, இல்ல நேரா வரணுமா?"

"தேர்வுக்கு முந்தைய நாளும் அன்று காலையும் வழக்கத்தை மாற்றவே கூடாது" என்றேன் செய்தி வாசிப்பவனைப் போல. "மனத்தைக் குழப்பும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். சண்டை வேண்டாம், விருந்து வேண்டாம், புதிய செய்தி எதுவும் வேண்டாம்."

"என் பொண்டாட்டி எழுதலையே, அவகூட சண்டை போடலாம்ல?"

"நீ எவ்வளவுடா வாங்குன, மார்க்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் அதைக் கேட்காததுபோல் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று முறை எழுதித் தேறியவன் நான். அது விதிப் புத்தகத்தில் இல்லாத விஷயம்.

பிறகு கண்காணிப்பாளர் பேச்சு வந்தது. விதி தெளிவாக இருந்தது: கண்காணிப்பவரின் உறவினர் யாரும் அந்த மையத்தில் தேர்வெழுதக் கூடாது, எழுதினால் அந்த மதிப்பெண் செல்லாது. நான் குரலை உயர்த்தி வாசித்தேன். பிள்ளை, பேரப்பிள்ளை, அண்ணன் தம்பி அக்கா தங்கை பிள்ளைகள், மாமனார், மாமியார், மச்சினி, மருமகன்.

கால்பந்துப் பயிற்சியாளர் ராண்டி வாங்லர் கையைத் தூக்கினார். "நான் நிக்கிறேன்."

"கோச், உங்க அக்கா பையன் எழுதுறான். உட்காருங்க."

நூலகர் எழுந்தார், பேத்தி எழுதுகிறாள். வங்கி மேலாளர் எழுந்தார், மச்சினன் மகள். நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்தேன். மறைத்துப் பயனில்லை, அந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசியில் அறையில் யாருமே மிஞ்சவில்லை. அப்போது ரோண்டா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், கடைசி இருக்கைச் சூயிங்கத்தைக் கண்டுபிடித்தவரைப் போல.

"டேய் காலேஜ். உனக்குத்தான் இந்த ஊர்ல நாதியே கிடையாதே!"

எல்லோரும் கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக, பனியன் இல்லாதது ஒரு தகுதியாயிற்று.

நானும் ப்ரென்னாவும் ஒன்றரை வருடமாகப் பழகுவது ஊருக்கே தெரியும். அதற்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை, ஆகவே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் என் கோட்டுப் பையில் ஒரு மோதிரம் இருந்தது யாருக்கும் தெரியாது. இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் மீன் வறுத்து ஊருக்கே பரிமாறுவார்கள். கடைசி வெள்ளிக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வருவார்கள். கேட்பதென்றால் அங்கேதான் கேட்க வேண்டும் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். பட்டம் வாங்கியவன் வண்டிக்குள் உட்கார்ந்து ரகசியமாகக் கேட்பானா? மூன்று குடும்பமும் பார்க்க, நான் இவர்களுக்குச் சொந்தமாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கு மறுநாள்தான் தேர்வு. இது எனக்குத் தெரியும். தேதியைப் பலகையில் எழுதிப் போட்டவனே நான். ஆனால் அந்தத் தேதி ஒரு மண்டையிலும் இந்த மோதிரம் வேறொரு மண்டையிலும் இருந்ததுபோல, இரண்டும் சந்திக்கவே இல்லை.

ரோண்டா இடுக்கியோடு மீன் தட்டுக்குப் பின்னால் நின்றார். ப்ரென்னா முட்டைக்கோஸ் பச்சடிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அவள் முன்னால் முட்டி போட்டேன். மோதிரத்தை எடுத்து நீட்டினேன்.

"ப்ரென்னா, நீ என்னை..."

"வாய மூடு!" ரோண்டாவின் குரல் சுவரில் மோதித் திரும்பிற்று. "ப்ரென்னா, நீயும் மூடு! ஆமான்னு சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. ஒண்ணும் சொல்லாத!"

எனக்குக் காது சுட்டது. இத்தனை வருடம் கழித்தும் நான் புதிதாக வந்தவன்தானா என்று நினைத்தேன். அப்போது கோச் ராண்டி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"மாமனார், மாமியார், மச்சினி, மருமகன்! நீதானடா வாசிச்ச! என்னை உக்கார வச்சியே, ஞாபகம் இருக்கா?"

கூட்டத்தில் யாரோ, "ஐயோ, கார்லி மார்க்கு" என்றார்கள்.

நான் கார்லியைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றிருந்தது. "நோலன், புதிய செய்தி எதுவும் வேண்டாம்னு சொன்ன ஆள் நீதான?" என்றாள். "இப்ப நான் தூங்குவேனா?"

அதைவிட மோசம், மையத்தின் பொறுப்பாளர் அந்தக் கூடத்திலேயே இருந்தார். மிஸஸ் லிண்ட்குவிஸ்ட், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்டம். மறுநாள் காலைத் தேர்வுக்காக முன்னதாகவே வந்து, ஓரமாக உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நூறு தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் நிதானமாக முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"கேட்டு முடிச்சிட்டியா?"

"இல்லைங்க மேடம். பாதியில..."

"பொண்ணு பதில் சொல்லிச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப நீ தரையில முட்டி போட்டிருக்க ஒரு ஆள், அவ்வளவுதான். எந்திரி. நாளைக்குக் காலைல நேரத்துக்கு வந்துரு. ஆனா அதுக்குள்ள அந்தப் பொண்ணு தலையை ஆட்டினாலும் நீ மருமகன் கணக்குதான், உன்னை உள்ள விடமாட்டேன். பொறுப்பாளர் நானே அறையில நிக்கக் கூடாது, வேற ஆளும் இல்லை. அத்தனை பிள்ளைங்களும் வீட்டுக்குத்தான் போகணும்."

ப்ரென்னா பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், கோபமாகவும் இருக்கலாம். "நாளைக்குப் பேப்பர் எல்லாம் கட்டினதுக்கு அப்புறம் வந்து கேளு. அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ."

ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. நான் தட்டை நீட்டியபோது ரோண்டா மீன் வைக்காமல், "உறவு மாதிரி ஆயிடும், நீயே எடுத்துக்க" என்றார். டுவேன் எதிரில் வந்தார். பொதுவாகத் தலையசைத்துவிட்டுப் போகிறவர், நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருப்பா நீ, ஊருக்குப் புதுசா?" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

காலையில் அறை வாசலில் அடையாள அட்டை பார்த்தேன். கார்லி முறை வந்தது.

"பெயர்?"

"உனக்குத் தெரியாதா?"

மிஸஸ் லிண்ட்குவிஸ்ட் தொண்டையைச் செருமினார்.

"கார்லி ஃபைஸ்ட்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எல்லை அதிகாரியைப் போல முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டேன். தேவைக்கு மேல் நடித்துவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் நின்ற பையன் சிரித்தான். விதிமுறைகளை வாசிக்கும்போது என் குரல் இரண்டு இடத்தில் பதின்மூன்று வயதுக்குப் போய் வந்தது.

பென்சில்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். சனிக்கிழமை எங்கள் ஊரில் மாட்டு ஏலம், லாரிகளெல்லாம் பள்ளியை ஒட்டித்தான் போகும். இது என் மூளையில் உதிக்கவே இல்லை. சாலை முனையில் மஞ்சள் பேருந்து குறுக்கே நின்றது. அதன் முன்னால் ஆரஞ்சுச் சட்டையில், பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது காட்டும் 'நில்' பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ரோண்டா. வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, ஓட்டுநரிடம் எதையோ சொல்லி, பின்பாதைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு வாங்லர் லாரி மட்டும் பேச்சுக் கேட்காமல் ஊர்ந்து வந்தது. உள்ளே ஒரு கன்று வாய்விட்டுக் கத்திற்று. ரோண்டா பலகையை ஓங்கிக்கொண்டு லாரியைப் பின்னோக்கியே விரட்டினார். கார்லி தலையைத் தூக்கவில்லை. கணக்குப் பகுதியில் இருந்தாள், நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அந்தக் காலை முழுவதும் காற்றில் ரோண்டா அங்கேயே நின்றார், உட்காரக்கூட இல்லை.

தேர்வு முடிந்து, தாள்களைக் கட்டி முத்திரை வைத்து, மிஸஸ் லிண்ட்குவிஸ்ட் தன் காரில் ஏற்றினார். நான் வெளியே வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் பாதி ஊர் நின்றது. யாரோ கூகன் கேக் வேறு கொண்டுவந்திருந்தார்கள். ப்ரென்னா நடுவில். நான் சரளைக்கல்லில் முட்டி போட்டேன்.

"இரு!" என்றார் ரோண்டா. "அந்த அம்மா கார் மாவட்டத்தத் தாண்டட்டும்."

எங்கள் பக்கம் நிலம் தட்டையானது, சாலை நேரானது. ஒரு கார் போனால் அது மறைய வெகு நேரமாகும். சரளைக்கல் முட்டியில் குத்த, நானும் பாதி ஊரும் தூரத்துப் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புழுதி சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல் போயிற்று.

"ம், இப்பக் கேளு" என்றார் ரோண்டா.

கேட்டேன். இந்த முறை அவளைப் பேசவிட்டார்கள்.

மே மாதம் மதிப்பெண் வந்தது. கார்லிக்கு ப்ரூக்கிங்ஸும் உறுதி, உதவித்தொகையும் உறுதி. அவள் என்னைவிட எவ்வளவு அதிகம் வாங்கினாள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ரோண்டா சேதியைக் கேட்டு, பேருந்தை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிறிது நேரம் இருந்தாராம். பிள்ளைகள் பயந்துபோனார்களாம்.

ஜூலையில் எனக்கு நீல நிறப் பனியன் கிடைத்தது, ஃபைஸ்ட் கிளை. அளவு சிறியது, ஆனாலும் நாள் முழுக்கக் கழற்றவில்லை. உருளைக்கிழங்கு சாலட் வரிசையில் நின்றபோது ரோண்டா பக்கத்தில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பெருமைப்படுகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நாசமாப் போச்சு" என்றார். "அடுத்த வருசம் டுவேனோட தங்கச்சி பசங்க ரெண்டு பேர் எழுதுறாங்க. சொந்தமில்லாத ஒருத்தன் இருந்தான், அவனையும் சொந்தமாக்கிட்டோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"காலேஜ்ல உனக்குக் கூட்டாளி யாராவது இருந்தானா? கல்யாணம் ஆனவனாப் பாரு. கார்லி வேற இருக்கா."