முளைத்த மல்லாட்டை

2005 மழைக்காலத்தில் ஒரு மாலை, மரக்காணம் பேருந்து நிலையத்தில் வேகவைத்த வேர்க்கடலையின் வாசனை வந்தது. எங்கள் ஊரில் அது மல்லாட்டை. கூடவே என் பழைய பொறாமையும் வந்தது.

நான் பள்ளியில் படித்த நாட்களில், மல்லாட்டை பிடுங்கிய எங்கள் புன்செய்க் கொல்லையில், மண்ணில் தங்கியதை யாரும் கிளறி எடுத்துக்கொள்ளலாம். என்னோடு படித்த அஞ்சலைக்கு மடி நிறையக் கிடைத்தது. எனக்கு ஒரு பிடி.

"கொல்ல நம்முளுது, மல்லாட்ட அவளுதா? நல்லா இருக்குதுடா!" என்று அம்மா சிரித்தாள்.

பொறுக்கவில்லை. "பிடுங்காத செடியிலயும் கை வைக்கிறாப்பா" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் எல்லோரையும் விரட்டினார்.

"நான் தொடவே இல்லீங்க" என்று அஞ்சலை மடியை உதறிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மழை பெய்தது. மண்ணில் தங்கிய மல்லாட்டை கொல்லை முழுக்கப் பச்சையாக முளைத்து நின்றது.

"இவ்ளோவா வுட்டுட்டோம்?" என்றார் அப்பா.

மரக்காணத்தில் அன்று மாலை வாங்கிய பொட்டலத்தில் ஒரு பருப்பைக்கூட நான் கீழே விடவில்லை.