கொப்பியில் ஏறிய பொய்

ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த நான் இன்று சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியியலாளர். போன விடுமுறையில் வத்தேகமப் பாடசாலை ஒன்றில் பேச அழைத்தார்கள். பெருமையாகத்தான் பேசினேன்.

மாணவி ஒருத்தி எழுந்து, "எஞ்சின்ல வர்ற கழிவு எண்ணெய என்ன செய்வீங்க சேர்?" என்று கேட்டாள்.

"மெஷின்ல எண்ணெய வேறாப் பிரிச்செடுத்து, சுத்தமான தண்ணிய மட்டும்தான் கடல்ல விடுவோம்."

அது பொய். கடைசிப் பயணத்தில் அந்த மெஷின் பழுது. தலைமைப் பொறியியலாளர் சொன்னபடி தனிக் குழாய் பூட்டி, கழிவை அப்படியே கடலில் திறந்துவிட்டவன் நான். கப்பலுக்குப் பின்னால் கறுப்பாகப் படலம் நீண்டது. எல்லாம் சுத்திகரித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். அன்று சோறும் வழக்கம்போல இறங்கியது.

அந்தப் பிள்ளையோ நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என்மேலேயே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அத வெட்டிரும்மா. நான் பொய் சொல்லிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன். பாடசாலை அதிபர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இத எழுதவா சேர்?"

"எழுதும்மா."

மறுநாள் கம்பெனிக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். இனி வேலைக்கு அழைப்பார்களோ தெரியாது. அந்தக் குமட்டல் இன்னும் முழுதாகப் போகவில்லை, போகாமலே இருக்கட்டும்.